பதினாலு கோடிப் பேருக்கு நாலே இடம்!

(ஒத்தக்கடையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



அந்நிய நாட்டுப் பல்கலைக் கழகத்துக்கு மனுப் போடுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சில தோழர்கள் சிரித்தார்கள். பஞ்சப்படிக்கும் கூலி உயர்வுக்கும் கொடி பிடிக்கிற இடத்தில் லண்டன் படிப்பும் ஜெர்மனிப் படிப்பும் எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தப் பேச்சை நான் கொண்டு வரவில்லை. அது ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. மாட்டுத்தாவணியிலிருந்து இங்கே வரும்வரை பஸ் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கனடா, ஜெர்மனி, ஜார்ஜியா, ரஷ்யா என்று தட்டி தட்டியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, "பாங்கிக் கடனுக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசி வரியைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கு மேல் என்று மத்திய சர்க்காரே சொல்லியிருக்கிறது. ஒரு பெரிய நகரத்து ஜனத்தொகை அது! இதில் வரப்பிலே நின்று நாற்று நட்ட தாயின் பிள்ளை எத்தனை, பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி நின்ற தகப்பனின் பிள்ளை எத்தனை? அந்தக் கணக்கு மட்டும் வெளியே வருவதில்லை.

சீமைக்குப் போய்ப் படித்தவர்கள் நம் இயக்கத்திலும் உண்டு. தோழர் மோகன் குமாரமங்கலம் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். அவருடைய சகோதரி தோழர் பார்வதி கிருஷ்ணன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். அவர்கள் படித்து வந்த படிப்பு நமக்கு ஆயுதமாயிற்று. ஆனால் அவர்களால் போக முடிந்ததற்குக் காரணம், அவர்கள் ஜமீன் குடும்பத்தில் பிறந்தது. அதே காலத்தில் நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த தோழர் என்.சங்கரய்யா, 1941இல் கடைசிப் பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது கைதாகிச் சிறைக்குப் போனார். பட்டம் போனது போனதுதான். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க நினைத்தபோது, 2023இல் கவர்னர் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த வருஷம் நவம்பரில் 102ஆம் வயதில் சங்கரய்யா மறைந்தார். பட்டம் என்பது யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஜமீன் இல்லாத வீட்டிலிருந்தும் ஒருவர் போனார். அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பம்பாயில் பரேல் என்பது மில் தொழிலாளர்களின் பகுதி. அங்கே வரிசை வரிசையாக இருந்த தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், ஒற்றை அறையில், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் குடும்பம் வாழ்ந்தது. அந்த வீட்டுப் பையன்தான் அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா மகாராஜா அவருக்கு மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று வருஷத்துக்கு என்று உபகாரச் சம்பளம் கொடுத்தார். படிப்பு முடிந்ததும் பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். நியூயார்க் போய்க் கொலம்பியாவில் எம்.ஏ. தேறினார். 1916இல் லண்டன் போனார். அங்கே படிப்புப் பாதியில் இருக்கும்போதே, 1917இல், கெடு முடிந்தது, திரும்பி வா என்றது சமஸ்தானம். வந்தார். பரோடாவில் வேலை கொடுத்தார்கள். குடியிருக்க வீடு கொடுக்க ஆளில்லை. பார்சிகள் விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியே போகச் சொன்னது. கொலம்பியாவில் எம்.ஏ. படித்தவர், தோழர்களே, ராத்திரி தங்க இடமில்லாமல் பம்பாய்க்கு ரயில் ஏறினார்!

அப்புறம் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோல்ஹாபூர் சாகு மகாராஜாவின் உதவி, ஒரு நண்பரிடம் வாங்கிய கடன், இவற்றை வைத்துக்கொண்டு 1920இல் மறுபடி லண்டன் போனார். 1923இல் டி.எஸ்ஸி. பட்டத்தோடும் பாரிஸ்டர் தகுதியோடும் நின்றார். இதைக் கேட்டு "பார், முயற்சி இருந்தால் முடியும்" என்று சிலர் நமக்குப் புத்தி சொல்வார்கள். நான் கேட்பது வேறு. அந்த ராஜாவின் மனசு அன்றைக்கு வேறு மாதிரி இருந்திருந்தால்? அதே பரேலில் அந்த ராஜாவைப் பார்க்காத பையன்கள் எத்தனை பேர் பாவு நூலுக்கிடையே கிழவர்களானார்கள்? ராஜாவின் தயவாக இருக்கிற வரைக்கும் அது பிச்சை. சட்டத்தில் எழுதி, எண்ணிக்கையில் வைத்தால்தான் உரிமை.

தயவாக இல்லாமல், திட்டமாகவே செய்து காட்டிய நாடும் இருந்தது. 1960 பிப்ரவரியில் மாஸ்கோவில் சோவியத் சர்க்கார் மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகத்தைத் தொடங்கியது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டத்துப் பிள்ளைகளுக்காகவே ஏற்பட்டது அது. கட்டணம் கிடையாது, கைச்செலவுக்குப் பணம் உண்டு, ரஷ்ய பாஷை தெரியாவிட்டால் முதல் வருஷம் பாஷையே பாடம். காங்கோ நாட்டின் தலைவர் லுமும்பாவை 1961 ஜனவரியில் ஏகாதிபத்தியவாதிகளும் அவர்களுடைய கைக்கூலிகளும் கொன்றபோது, அடுத்த மாதமே அந்தப் பல்கலைக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் போய் டாக்டராகவும் என்ஜினீயராகவும் திரும்பினார்கள். 1991இல் சோவியத் யூனியன் சிதைந்தது. 1992இல் லுமும்பா பெயரை எடுத்தார்கள். 2023இல் மறுபடி வைத்திருக்கிறார்கள். பெயர் திரும்பியது, எல்லாருக்கும் கட்டணமில்லாப் படிப்பு என்பது திரும்பவில்லை. இன்றும் ரஷ்ய சர்க்கார் வெளிநாட்டாருக்குக் கட்டணமில்லாத இடங்கள் கொஞ்சம் ஒதுக்குகிறது. சென்னையிலுள்ள ரஷ்யப் பண்பாட்டு நிலையத்தில் விசாரிக்கலாம். ஆனால் போக வரச் செலவும் சாப்பாட்டுச் செலவும் நம் தலையில்தான்.

அமெரிக்காவின் பொருளாதார முற்றுகைக்குள் கிடக்கும் சின்னஞ்சிறு கியூபா, 1999இல் ஹவானாவில் ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்து, பல நாட்டு ஏழைப் பிள்ளைகளை இலவசமாக டாக்டராக்கி அனுப்பியது. பணமில்லை என்று சொல்கிற சர்க்கார்களுக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டும்.

சரி, இன்றைக்கு நம் பிள்ளை ஒன்று மனுப் போட்டால் என்ன நடக்கும்?

ஜெர்மனியில் சர்க்கார் பல்கலைக் கழகங்களில் பெரும்பாலான இடங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்கிறார்கள். மெய்தான். தெற்கே பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்திலும், மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்திலும் நம்மைப் போன்ற வெளிநாட்டாரிடம் வாங்குகிறார்கள், மற்றபடி மெய்தான். ஆனால் விசா வேண்டுமென்றால், ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு என்று 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும். 2025இல் இருந்த தொகை இது. நம் காசில் பத்து லட்சத்துக்கு மேல்! படிப்பு இலவசம், வாசற்படிக்குத்தான் விலை. பிரிட்டனில் இன்னொரு விதம். கட்டணத்துக்கும் செலவுக்கும் வேண்டிய பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடந்ததாகக் காட்ட வேண்டும். இதற்கென்றே ஒரு லேவாதேவிக் கூட்டம் கிளம்பியிருக்கிறது. 28 நாளைக்கு உன் கணக்கில் பணம் போடுகிறேன், வட்டி இவ்வளவு என்கிறான். பணம் பிள்ளைக்கும் இல்லை, படிப்புக்கும் இல்லை. அதிகாரி கண்ணுக்குக் காட்டுவதற்கு மட்டும். அதற்கும் வட்டி!

பாங்கிக் கடன் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு மேலே போனால் சொத்து கேட்பார்கள். நம்மிடம் என்ன சொத்து? இரண்டு சென்டு வீட்டுமனை. அதற்கும் பட்டா வந்திருக்குமோ இல்லையோ. பாங்கி கைவிரித்ததும் தரகரே பைனான்ஸ் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போவார். கையெழுத்துப் போடுவது பிள்ளை மட்டும் இல்லை. தகப்பனும் போட வேண்டும். சிறுபான்மைப் பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு மத்திய சர்க்கார் வட்டி மானியம் கொடுத்து வந்தது. அந்தத் திட்டத்தை 2022-23இலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒத்தக்கடையிலும் மேலூர் பக்கத்திலும் இருக்கும் முஸ்லிம் தொழிலாளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் அந்த மானியம் உண்டு என்று எந்தத் தரகராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தரகரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். "உங்களிடம் பைசா வாங்க மாட்டேன்" என்பார். பலர் வாங்குவதில்லை என்பதும் நிஜம். ஏனென்றால் பிள்ளை சேர்ந்ததும் அந்தக் கல்லூரி அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிக்கிற தரகரிடம் எந்த மாடு நல்ல மாடு என்று யாராவது கேட்போமா? எந்தக் கல்லூரி கமிஷன் கொடுக்கிறதோ அதுதான் அவருக்கு நல்ல கல்லூரி. 2023இல் கனடாவில், பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் பலரை நாடு கடத்தப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். தரகர் வாங்கிக் கொடுத்த சேர்க்கைக் கடிதம் போலி என்று, அவர்கள் அங்கே போய் வருஷக் கணக்கில் வாழ்ந்த பிறகு கண்டுபிடித்தார்கள். நிலத்தை விற்று அனுப்பிய விவசாயிகளின் பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். போராடித்தான் அந்த நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள்.

டாக்டர் படிப்பு என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நம் நாட்டில் சர்க்கார் கல்லூரியில் இடமில்லை, தனியார் கல்லூரியில் கோடிக் கணக்கு. அதனால்தான் பிள்ளைகள் உக்ரைனுக்குப் போனார்கள். 2022 பிப்ரவரி 24இல் யுத்தம் மூண்டது. மார்ச் 1ஆம் தேதி கார்கிவ் நகரில் சாப்பாட்டுப் பொருள் வாங்க வெளியே வந்த கர்நாடகத்து மாணவர் ஒருவர் குண்டு வீச்சில் மாண்டார். பிளஸ்-டூவில் 97 சதவீதம் வாங்கியும் இங்கே ஒரு இடம் கிடைக்கவில்லை என்று அவர் தகப்பனார் கதறியதை நாடே கேட்டது. போரைத் தொடங்கியவர்கள் மேல் கோபப்படுகிறோம். 97 சதவீதத்துக்கு இடம் தராத ஏற்பாட்டின் மேலும் கோபப்பட வேண்டாமா?

ஆகவே டாக்டர் படிப்புக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தேற வேண்டும். 2021 விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், இங்கிலீஷில், அதற்கு மேல் பன்னிரண்டு மாதம் அதே நிறுவனத்தில் பயிற்சி. இது இல்லாத கல்லூரிப் பட்டம் இங்கே செல்லாது. எல்லாம் முடித்து வந்தாலும் இங்கே ஒரு பரீட்சை உண்டு. அண்மை வருஷங்களில் பல தடவை, எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறியிருக்கிறார்கள். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் 2020இலிருந்து மருத்துவ இடங்களில் ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கடன் வாங்காமல், மனையை அடகு வைக்காமல் போக ஒரு வழி இருக்கிறது. மத்திய சர்க்காரின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் அது; இப்போது உதவித்தொகை என்று எழுதுகிறார்கள். கல்விக் கட்டணம் முழுவதும், விமானச் செலவு, விசாச் செலவு, மருத்துவ இன்ஷூரன்ஸ், வருஷச் செலவுக்கு 15,400 டாலர், பிரிட்டன் என்றால் 9,900 பவுன் தருகிறார்கள். எம்.ஏ., எம்.எஸ்ஸி. மாதிரி மேல்பட்டத்துக்கும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கும் மட்டும்தான், பி.ஏ., பி.எஸ்ஸிக்குக் கிடையாது. வயது 35க்குள், மார்க் 60 சதவீதம், குடும்ப வருமானம் வருஷம் எட்டு லட்சத்துக்குள். மொத்தம் நாடு முழுவதற்கும் 125 இடம். 115 தாழ்த்தப்பட்டோருக்கு. 6 சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு. மிச்சம் 4 இடம் யாருக்கு தெரியுமா? நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கும் பரம்பரைக் கைவினைஞர்களுக்கும் சேர்த்து!

2011 ஜனக் கணக்குப்படி இந்த நாட்டில் விவசாயக் கூலிகள் 14 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 96 லட்சம். அந்தப் பதினாலு கோடிப் பேரின் வீட்டுக்கு நாலு இடம். அதிலும் தச்சரும் குயவரும் பங்கு. பந்தியில் கடைசி வரிசைக்கு ரசம் ஊற்றுவது போலக்கூட இல்லை; ரசவாளியைக் காட்டிவிட்டுப் போவது போல இருக்கிறது!

அந்த 125ஐயாவது ஒழுங்காகத் தருகிறார்களா? 2022இல் ஒரு விதி போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, சரித்திரம், இந்தியச் சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தப் பணம் கிடையாதாம். தாழ்த்தப்பட்டவர் பிள்ளை வெளிநாடு போய் ஜாதியைப் பற்றி எழுதினால் யாருக்கு வலிக்கிறது? அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையே இந்திய ஜாதிகளைப் பற்றியதுதான். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவருக்கே பணம் கிடைத்திருக்காது. அப்புறம் 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்து, 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்ற 66 பேருக்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். சேர வேண்டிய தேதி நெருங்கும்போது! நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கேள்வி எழுந்தது.

நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர் நலத்துறை மூலமாக அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் ஒன்று அறிவித்து, வருஷம் 36 லட்சம் ரூபாய் வரை கொடுக்கத் தொடங்கினார்கள். மேல்படிப்புக்குத்தான் அது. சர்க்கார் மாதிரிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் சிலர் உபகாரச் சம்பளத்தோடு தைவான் பல்கலைக் கழகங்களுக்குப் போயிருக்கிறார்கள். முதல் பயணச் செலவை மாநில சர்க்கார் ஏற்பதாக ஏற்பாடு. நல்ல காரியத்தை நல்லது என்று சொல்வதில் நமக்குச் சங்கடமில்லை. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். கலெக்டர் ஆபீசில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஆனைமலை அடிவாரத்தில் 1965இலிருந்து விவசாயக் கல்லூரி இருக்கிறது. அதன் பண்ணை வயலில் கூலிக்கு இறங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அப்படி இறங்கிய ஒரு தாயின் மகள் அதே கல்லூரியில் பி.எஸ்ஸி. தேறி, நெல்லைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ மேலே படிக்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முன்னால் என்ன நிற்கிறது? மத்திய சர்க்கார் உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடும்போதே, உலக வரிசையில் முதல் ஐந்நூறுக்குள் இருக்கும் பல்கலைக் கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். வரிசையில் மேலே இருக்கிற பல்கலைக் கழகத்துக்காரருக்கே முதலிடம். கடிதம் எப்படி வரும்? பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். இங்கிலீஷ் பரீட்சைக்குப் பதினேழாயிரத்துக்கு மேல். மார்க் பட்டியலை முத்திரையிட்டு வாங்கக் காசு. பல பல்கலைக் கழகங்கள் மனுவைப் பார்க்கவே காசு கேட்கும். உபகாரச் சம்பளத்தில் ஒரு ரூபாய் வருவதற்கு முன்னால், நாலைந்து இடத்துக்கு மனுப் போட்டால், அரை லட்சம் பக்கம் கைவிட்டுப் போய்விடும். நடவுக் கூலியில் இது எத்தனை நாள் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அந்த நாலு இடமும் கூட நம் வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்பது அப்போது தெரியும்.

காசைப் போலவே காலமும் முக்கியம். செப்டம்பரில் வகுப்பு என்றால், அதற்கு முந்தின வருஷம் செப்டம்பர் அக்டோபரிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். சொந்தக் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும்: நான் யார், ஏன் இந்தப் படிப்பு, படித்து என்ன செய்வேன் என்று. தரகர் ஆபீசில் அச்சடித்தாற்போல ஒரே கடிதத்தை நூறு பேருக்குக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டு வாத்தியார்களுக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வயலில் தாய்க்குத் துணையாக நின்ற பிள்ளை மண்ணைப் பற்றி எழுதும் இரண்டு வரி, அந்த நூறு கடிதத்தையும் தள்ளிவிடும். பாடம் சொன்ன ஆசிரியர்கள் இரண்டு பேரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். கேட்கக் கூச்சப்படக் கூடாது. கொடுப்பது அவர்கள் கடமை. வருமானச் சர்டிபிகேட், ஜாதிச் சர்டிபிகேட், நிலமில்லை என்பதற்குச் சர்டிபிகேட் எல்லாம் தாலுகா ஆபீசில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்புவார்கள். பள்ளி சர்டிபிகேட்டில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் வேறு தலைப்பெழுத்து என்று நம் பிள்ளைகளுக்கு இருப்பது எனக்குத் தெரியும். அதை இந்த மாதமே திருத்துங்கள்.

போகிறவன் திரும்பி வருவானா, அவனுக்காக நாம் ஏன் மாரடிக்க வேண்டும் என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். சிலர் வர மாட்டார்கள். பணக்காரன் பிள்ளை திரும்பவில்லை என்று எந்தப் பணக்காரனும் படிப்பை நிறுத்தவில்லையே! நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் முன்ஜாமீன் கேட்கிறோம்? திரும்பி வந்து வேலை செய்ய இங்கே ஆராய்ச்சி நிலையமும் நிரந்தர வேலையும் வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான்.

நாம் மூன்று கோரிக்கை வைக்கிறோம். விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று தனியாக, நாலு அல்ல, குறைந்தது ஐந்நூறு இடம் வேண்டும். பரீட்சைக் கட்டணத்தையும் மனுக் கட்டணத்தையும் சர்க்கார் முன்கூட்டியே தர வேண்டும். 2022இல் போட்ட அந்த விதியை எடுக்க வேண்டும். இவற்றை மனுவாக எழுதி, வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். மத்திய சர்க்காருக்கு அனுப்பச் சொல்கிறோம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். யூனியனும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து ஓர் உண்டியல் வைக்கின்றன. ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் ஒரு வருஷத்தில் இரண்டு பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணம் வந்துவிடும்.

காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகள், கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பெண் பிள்ளைகளின் பெயரை மறைக்க வேண்டாம். அந்த 125 இடத்தில் முப்பது சதவீதம் அவர்களுக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்குச் சங்க ஆபீசில் மார்க் பட்டியலும் சர்டிபிகேட்டுகளும் கொண்டுவந்தால் உட்கார்ந்து சரிபார்ப்போம். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எல்லாரும் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும்.